ஆப்பிரிக்காவை முன்னேற்ற பலெர்மோ போன கதை

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சிரிக்கும் சிரமம் இருக்காது. ஆப்பிரிக்க ஏழைகளை முன்னேற்றுவதற்காக நான் இத்தாலிக்குப் போனேன். அதற்கு முன் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததில்லை. அதற்குப் பிறகும் வைக்கவில்லை. இருந்தாலும் பெட்டியில் ஒரு கொசுவலையை மடித்து வைத்திருந்தேன்.

"ஏனுங்க, டிக்கெட்டுல இத்தாலின்னுதான போட்டிருக்குது, கொசுவலை எதுக்குங்க?" என்று மனைவி கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லும்போதெல்லாம் புரியாதவன் யார் என்பது ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் ஷோரூமின் மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. நான் உட்பட ஆறு பேர். சலூன்களுக்கு பில் போடும் சாஃப்ட்வேர், பால் சொசைட்டிக்குக் கணக்கு சாஃப்ட்வேர் என்று ஒழுங்காகத்தான் பிழைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் எனக்கு ஞானம் வந்தது. உலகத்தில் ஏழைகள் எல்லோரும் மிஸ்டு கால் கொடுக்கிறார்கள். பேச பேலன்ஸ் இல்லாததால் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுகிறார்கள். எத்தனை மிஸ்டு கால்கள் பதிலில்லாமல் அனாதையாகக் கிடக்கின்றன! ஆகவே, மிஸ்டு கால் வந்த நொடியே தானாகத் திருப்பிக் கூப்பிடும் ஒரு செயலி. பெயர் 'ஹபாரி ரிங்'. ஹபாரி என்றால் ஸ்வாஹிலியில் செய்தி. அந்த மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அது. அதுவும் இணையத்தில் தேடி எடுத்தது.

பலெர்மோவில் இரண்டு நாள் பயிலரங்கு. தலைப்பு, 'வறிய ஆப்பிரிக்கச் சமூகங்களைத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தால் வலுவூட்டுதல்'. நான் விண்ணப்பித்தேன், கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு தரப்பிலும் யாரும் யோசிக்கவில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

*

முதல் நாள். பலெர்மோவில் எனக்கு இடம் கொடுத்தவர் யோகண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். நண்பனின் நண்பனுடைய சித்தப்பா. முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார். காலையில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலியச் சீமாட்டி, வீட்டில் சமையல், துப்புரவு. பிற்பகலில் ஒரு பழைய அரண்மனையில் கதிரை, அதாவது நாற்காலி, அடுக்குவது. அந்த அரண்மனையில்தான் எங்கள் பயிலரங்கு என்பதைக் கேட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீர் இருக்கப்போற கதிரையை நான்தான் துடைச்சனான்" என்றார்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் கேட்டேனா? தொழில்நுட்பவாதி அல்லவா, பஸ்ஸிலேயே வருகிறேன் என்றேன். நிலையத்துக்கு வெளியே நிறுத்தத்தில் ஒரு மின்பலகை. பஸ் வர நான்கு நிமிஷம் என்று போட்டிருந்தது. கால் மணி நேரம் கழித்தும் நான்கு நிமிஷம். அரை மணி கழித்து மூன்று ஆனபோது நிறுத்தத்தில் நின்ற கிழவர் ஒருவர் கைதட்டினார். பிறகு அது மறுபடி ஆறானது. தகவல் தொழில்நுட்பத்தால் வலுவூட்டப்பட்ட முதல் வறிய சமூகத்தை அங்கேதான் பார்த்தேன். அவர்கள் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வந்த பஸ் என்னை யோகண்ணை வீடு இருக்கும் அல்பெர்கேரியாவுக்கு அல்ல, நேர் எதிரே போர்கோ வெக்கியோவுக்குக் கொண்டுபோய் விட்டது. ஏறியது எதிர்ப்பக்க பஸ். போனில் வழி பார்க்கலாம் என்றால் ரோமிங் வேலை செய்யவில்லை. நடுத்தெருவில் பெட்டியோடு நின்று மேலே பார்த்தேன். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பாட்டியம்மாள் கயிற்றில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். கீழே காய்கறி வண்டிக்காரர் கூடையில் கத்தரிக்காய் போட்டார். பாட்டியம்மாள் ஒன்றை எடுத்துப் பார்த்து, பிடிக்கவில்லை போலும், அதே கூடையில் திருப்பி இறக்கினார். கூடவே நல்ல வசவும் இறங்கியது. ஆர்டர், டெலிவரி, ரிட்டர்ன், ரிவ்யூ எல்லாம் ஒரே கயிற்றில் முடிந்துவிட்டன. நான் அதைப் போட்டோ எடுத்தேனே தவிர, அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

வண்டிக்காரரின் போனை வாங்கிக் கூப்பிட்டதும் யோகண்ணை வந்து மீட்டுப் போனார். வழியில் பல்லாரோ சந்தையில் சாப்பிட வைத்தார். கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, வில்லை போட்டு, எண்ணெயில் பொரித்து, பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள். பனெல்லே என்று பெயர். வெங்காயத்தையும் வாழைக்காயையும் மறந்துவிட்ட பஜ்ஜி. பக்கத்துக் கடையில் மாட்டு மண்ணீரலைக் கொழுப்பில் வதக்கி அதையும் பன்னில் வைத்தார்கள். இந்த ஊரில் பன்னுக்குத் தப்பியது எதுவும் இல்லை. எங்கள் ஊரில் காளான் என்று சொல்லி முட்டைக்கோஸைப் பொரித்துத் தருவார்கள். இங்கே மண்ணீரல் என்று சொல்லி மண்ணீரலையே தருகிறார்கள். நேர்மையான மனிதர்கள்.

*

இரண்டாம் நாள் பயிலரங்கு தொடங்கியது. கூரையில் தேவதைகள் பறந்துகொண்டிருந்தார்கள். சுவர்கள் இரண்டு முழம் கனம். ஆகவே வைஃபை உள்ளே வரவில்லை. அறுபது நிபுணர்கள் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஜன்னல் ஓரமாக நின்றோம். மழை வேண்டி நிற்பவர்கள் மாதிரி இருந்தது. கானாவிலிருந்து பேச வேண்டியவருக்கு விசா கிடைக்கவில்லை. அவர் பெயர்ப்பலகை மட்டும் மேடையில் வந்து உட்கார்ந்திருந்தது. வீடியோவில் பேசினார். "இணைப்பு என்பதுதான் எங்கள்..." என்று ஆரம்பித்தார், இணைப்பு போய்விட்டது. எல்லோரும் கைதட்டினோம்.

ஒருங்கிணைப்பாளர் ஓர் இத்தாலிய அம்மையார். கழுத்தில் ஆப்பிரிக்கத் துணியில் ஒரு சால்வை. மத்தியானம் என்னைத் தனியே அழைத்து, நாளை பத்து மணிக்கு என் செயல்விளக்கம் என்றும், ஒரு உண்மையான பயனாளி மேடையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். பின்லாந்து இருந்தது, கனடா இருந்தது, கோயம்புத்தூர் இருந்தது. ஆப்பிரிக்கா காபி ஊற்றிக்கொண்டிருந்தது.

அதுதான் மரியாமா. செனெகல் நாட்டுக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். ஐம்பது வயது, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, அறுபது பேருக்கும் அவரவர் சர்க்கரை அளவு நினைவில் வைத்திருக்கும் மூளை. யோகண்ணையோடு பத்து வருஷமாக அங்கே வேலை செய்கிறார். யோகண்ணை அவரை "மரியம்மா" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு இத்தாலியமும் தெரியாது, மரியாமாவுக்குத் தமிழும் தெரியாது. ஆகவே அவர் பேசியதெல்லாம் யோகண்ணை வாயால் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் என் காதுக்கு வந்தது. என் நினைவில் இன்றைக்கும் செனெகல்காரர்கள் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஹபாரி ரிங்கை விளக்கினேன். தானியங்கித் திருப்பழைப்பு, தகவல் உரிமை, மிஸ்டு காலின் அவலம், எல்லாம் பத்து நிமிஷம். யோகண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டு மரியாமாவிடம் நான்கு சொல் சொன்னார். மரியாமா ஒரு கையால் காபி ஊற்றியபடி மறுகையால் போனை நீட்டினார்.

"என்னண்ணை சொன்னீங்க?"

"பெடியன் நல்லவன், போனை ஒருக்காக் குடு எண்டனான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு காணும். அவவுக்கு வேலை கிடக்கு."

பதினான்கு அனுமதிகள் கேட்கும் எங்கள் செயலி. பதினான்கையும் நானே அழுத்தினேன். ஸ்வாஹிலியில் 'ஹபாரி' என்று வரவேற்றது. மரியாமா எட்டிப் பார்த்து அது என்ன பாஷை என்று கேட்டாராம். உங்கள் பாஷைதான் என்றேன். அவர் ஊரில் வொலோஃப் பேசுகிறார்கள். ஸ்வாஹிலி அங்கிருந்து எத்தனை தூரம் என்றால், கோயம்புத்தூர்க்காரனை மங்கோலிய மொழியில் வரவேற்கிற தூரம். அவர் அடுத்து எனக்கு நீட்டிய காபியில் சர்க்கரை இல்லை.

அந்தப் போனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு மறுநாள்தான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் ஏன் பிறகு பதறினேன் என்று அப்போதுதான் புரியும்.

மரியாமாவின் தம்பி ஊரில் படகுக்காரர். அவரிடம் இருப்பது பட்டன் போன். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பலெர்மோவில் அப்போது காலை ஏழு. அதற்கு அர்த்தம், 'காற்று எப்படி?' மரியாமா எழுந்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, தன் போனில் கடல் காற்றின் படத்தைப் பார்ப்பார். கடல் சரியாக இருந்தால் ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுப்பார். அதற்கு அர்த்தம், 'போ'. சரியில்லை என்றால் சும்மா இருப்பார். சும்மா இருந்தால் 'போகாதே'. தம்பி அதைப் பக்கத்து ஐந்து படகுகளுக்கும் சொல்வார். இவர்களுக்கு மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். கரையிலிருந்து பார்க்க நன்றாக இருந்த ஒரு காலையில் போனவர் திரும்பவில்லை. அந்த வருஷம் தொடங்கிய ஏற்பாடு இது. நயா பைசா செலவில்லை.

இந்தப் போனில்தான், மிஸ்டு கால் வந்த நொடியே தானாகத் திருப்பிக் கூப்பிடும் செயலியை நான் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, வெளியே போய் ஒரு பிஸ்தா ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். அதையும் பன்னுக்குள் வைத்துத்தான் தந்தார்கள்.

*

மூன்றாம் நாள் காலை. யோகண்ணை வீட்டில் இடியப்பமும் சம்பலும். இடியப்பத்தைப் பார்த்த சந்தோஷத்தில் செயல்விளக்கத்துக்கான உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். "பதிலில்லாத அழைப்பே இல்லாத ஓர் உலகம்" என்று கையை விரிக்கும் இடத்தில் கதவு இடிபட்டது.

மரியாமா. கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. காலில் இரண்டு விதமான செருப்பு. போனை என் பக்கம் நீட்டினார். திரையில் எங்கள் செயலியின் பச்சை டிக், கீழே ஒரு கட்டைவிரல், 'உங்கள் அழைப்பு வெற்றிகரமாகத் திருப்பப்பட்டது' என்று ஆங்கிலத்தில். அந்தக் கட்டைவிரலை வரைய நாங்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டோம்.

அவர் படபடவென்று பேச, யோகண்ணை துண்டு துண்டாகச் சொன்னார். தம்பி வழக்கம்போல் அடித்திருக்கிறார். மரியாமா கண்ணாடியை மாட்டி, படத்தைப் பார்த்தால் அவர்கள் கடல் முழுக்கச் சிவப்பு, அதாவது பெருங்காற்று. சரி, இன்றைக்குச் சும்மா இருப்போம் என்று போனைக் கீழே வைக்கப் போனபோது பச்சை டிக்கைப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பதிலாக அது 'போ' என்று சொல்லிவிட்டது.

"உடனே கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்கண்ணை" என்றேன்.

யோகண்ணை கேட்டுச் சொன்னார். மரியாமா கூப்பிட்டிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. அந்த வீட்டில் அக்காவின் நம்பரை யாரும் எடுக்க மாட்டார்களாம். எடுத்தால் அக்காவின் பேலன்ஸ் போய்விடும். அடித்து ஓயட்டும், எண்ணிக்கொண்டு வைத்துவிடு. அதுதான் வீட்டுச் சட்டம்.

"எத்தனை தடவை கூப்பிட்டாங்க?"

"பதினொண்டு" என்றார் யோகண்ணை. பிறகு மெதுவாக, "அப்ப பதினொரு தரம் போ போ எண்டு சொல்லிப்போட்டா" என்றார்.

இடியப்பத்தைத் தட்டில் திருப்பி வைத்தேன். ஏனென்றால் அந்தச் சட்டம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சட்டமும் அதுதான். நான் ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் காந்திபுரத்தில் நிற்கிறேன், அப்பா ஸ்கூட்டரோடு வரவும். ஒருதடவை அப்பா கைதவறி எடுத்து "ஹலோ" என்றுவிட்டார். அம்மா அந்த ஹலோவை ஒரு மாசம் சொல்லிக் காட்டினார். மிஸ்டு காலிலேயே வளர்ந்தவன் நான். மிஸ்டு காலிலேயே பெண் பார்த்தவன் என்றுகூடச் சொல்லலாம். அப்படிப்பட்டவன், மிஸ்டு கால் என்பது பதில் கிடைக்காத அழைப்பு என்று அறுபது ஸ்லைடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். பின்லாந்துக்காரர் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

செயலியை அழிக்கப் பார்த்தேன். அழிக்க ஓடிபி கேட்டது. ஓடிபி செயலியின் சொந்தக்காரனான என் இந்திய நம்பருக்கு வரும். என் இந்திய நம்பருக்கு ரோமிங் இல்லை. மரியாமா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார். நானும் யோகண்ணையும் பின்னால் ஓடினோம். என் கையில் சம்பல்.

இரண்டு சந்து தள்ளி, பல்லாரோவின் விளிம்பில், ஒரு முடிவெட்டும் கடை. கடைக்காரரும் செனெகல்தான், மரியாமாவின் ஊருக்கு அடுத்த ஊர். நாற்காலியில் ஒரு சிசிலிக்காரர் பாதி மீசையோடு இருந்தார். மரியாமா இரண்டு வாக்கியம் சொன்னார். கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு, தன் போனை வாயருகே பிடித்து ஒரு குரல் செய்தி பேசி அனுப்பினார். அந்தக் கடற்கரைக்காரர்கள் உலகத்தில் எங்கெங்கே முடிவெட்டி, தட்டு கழுவி, தக்காளி பறித்துக்கொண்டிருக்கிறார்களோ அத்தனை பேரும் உள்ள ஒரு குழு. அவர்களில் பாதிப்பேருக்கு எழுத வராது, எல்லாம் குரல்தான். ஊரில் ஸ்மார்ட் போன் வைத்திருப்பவர் ஒருவர், கடற்கரைக்குப் பக்கத்தில் சூரியத் தகடு வைத்து எல்லோருக்கும் போன் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பவர். அவர் கேட்டுவிட்டால் கரைக்கு ஓடிப் போய்ப் பார்ப்பார். கேட்டுவிட்டால்.

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை.

காத்திருந்தோம். மரியாமா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதி மீசைக்காரரிடம் யோகண்ணை விஷயத்தைச் சொன்னார். அவர் என்னைப் பார்த்து எதுவோ கேட்டார். என்ன கேட்கிறார் என்றேன்.

"நீர் என்ன வேலை செய்யிறனீர் எண்டு கேக்கிறார்."

"என்ன சொன்னீங்க?"

"ஆப்பிரிக்காவை முன்னேத்திறவர் எண்டு சொன்னனான்."

மீசைக்காரர் எனக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கேட்கும் நேரமா அது? ஆனாலும் கேட்டேன். ஏன் 'போ' என்பதற்கு ரிங், 'போகாதே' என்பதற்கு மௌனம்? ஆபத்துக்குத்தானே மணி அடிக்க வேண்டும்? யோகண்ணை தயங்கித் தயங்கிக் கேட்டார். மரியாமா தலைநிமிராமல் சொன்னார். டவர் போய்விட்டால், அல்லது எனக்குக் காய்ச்சல் என்றால், அல்லது நான் செத்துப்போனால் ரிங் போகாது. ரிங் போகாவிட்டால் படகும் போகாது. வேறென்ன?

எங்கள் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் படிப்பு உண்டு. நாங்கள் ஆறு பேரும் அந்தச் சான்றிதழை மாட்டி வைத்திருக்கிறோம். எங்கள் செயலியில் அது இல்லை.

ஒருங்கிணைப்பாளர் அம்மையார் யோகண்ணையின் போனுக்குக் கூப்பிட்டார். பயனாளி தயாரா என்று கேட்டார். வலுவூட்டல் நடந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லச் சொன்னேன்.

இரண்டாவது டிக் விழுந்தது. பிறகு நீலமாயிற்று. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லை எத்தனை நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. மீசைக்காரர் மீதிப் பாதியை எடுக்கச் சொல்லவேயில்லை, எங்களோடு அவரும் காத்திருந்தார்.

குரல் செய்தி வந்தது. முதலில் காற்றுச் சத்தம், பெரிய காற்று. மரியாமா எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஓர் ஆண் குரல், கோபமாக, நீளமாக. எனக்கு அந்தக் கோபம் பயமாக இருந்தது. ஆனால் மரியாமா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கடைக்காரர் சிரிப்பதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

வொலோஃபிலிருந்து கடைக்காரர் இத்தாலியத்துக்கும், இத்தாலியத்திலிருந்து யோகண்ணை யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். தம்பி சொன்னது இதுதான்: "நான் கட் பண்ணிக் கையெடுக்க முன்னம் திருப்பி அடிச்சுது. எங்கடை அக்கா எழும்பி, கண்ணாடி தேடி, போனைத் திட்டி, படம் பாக்கிறதுக்குள்ளை நான் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு முடிப்பன். இப்பிடிக் கெதியா அவ பிறந்த நாளிலையிருந்து ஒரு வேலையும் செய்ததில்லை. இது அக்கா இல்லை எண்டு படகைத் தள்ளேல்லை. அதுக்குப் பிறகு விடாமல் அடிச்சுக்கொண்டிருந்தது. அக்காவின்ரை போனை ஆரோ களவெடுத்திட்டான் எண்டு என்ரை மனுசி சொன்னவ. அந்தக் கள்ளனைப் பிடியுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மரியாமாவுக்குத் தம்பி மேல் ஒரே கோபம். நான் சோம்பேறியா, அவனா என்று குரல் செய்தியில் ஒரு நிமிஷம் திட்டி அனுப்பினார். திட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் செயலி அரை நொடியில் பதில் தரும் என்பதை முதல் ஸ்லைடிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். ஆறு படகுகளைக் கரையில் நிறுத்தியது அந்த அரை நொடிதான் என்று வேண்டுமானால் நான் அறிக்கையில் எழுதலாம். பொய்யில்லை.

கடைக்காரர் மரியாமாவின் போனை வாங்கி, கணினியில் செருகி, ஓடிபி கேட்காமலே ஹபாரி ரிங்கைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு நிமிஷம். பிறகு மீசைக்குத் திரும்பினார்.

*

பதினொன்றரைக்கு மேடை ஏறினேன். மரியாமா காபி ஊற்றப் போய்விட்டார், அவருக்கு வேலை கிடந்தது. ஸ்லைடுகள் திறக்கவில்லை. வைஃபைக்கு நான் அன்று கடமைப்பட்டிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். எங்கள் செயலி ஒரு காலையில் ஆறு படகுகளைக் கடலுக்கு அனுப்பப் பார்த்தது, ஒரு அக்காவின் சோம்பல் காப்பாற்றியது என்றேன். கைதட்டல் நிற்கவே இல்லை. கனடாக்காரர் எழுந்து, மௌனத்தை எப்படி டிஜிட்டல்மயமாக்கலாம் என்று கேட்டார். அதற்கு ஒரு குழு அமைத்தார்கள். அம்மையார் என் கையைப் பிடித்து, தோல்வியை இவ்வளவு அழகாக யாரும் வழங்கியதில்லை, அடுத்த வருஷமும் வாருங்கள் என்றார். பிறகு ஒரு படிவம் கொடுத்தார். வலுவூட்டப்பட்ட பயனாளியின் பெயர், தொலைபேசி எண். அது இல்லாமல் ஃபைலை மூட முடியாதாம்.

மாலை. யோகண்ணை கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மரியாமா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் படிவத்தோடு போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். யோகண்ணை அதை இத்தாலியத்தில் சொன்னார். மரியாமா தலையாட்டிவிட்டு, மிச்சமிருந்த காபியை எனக்கு ஊற்றினார். இந்தத் தடவை சர்க்கரை போட்டிருந்தது. அந்தத் துணிச்சலில், படிவத்தில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

மரியாமா ஈரக் கையைத் துடைத்து, கண்ணாடியை எடுத்து மாட்டி, படிவத்தை முழுக்கப் படித்தார். அவர் தம்பி சொன்னது சரி, ஒரு தேத்தண்ணி குடித்து முடித்திருக்கலாம். பிறகு யோகண்ணையிடம் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தார்.

"பேரைப் போடட்டாம்" என்றார் யோகண்ணை, "நம்பரைப் போட வேண்டாமாம்."